சமூகப் பிரச்சினைகளை எங்கிருந்து யோசிக்கத் தொடங்குவது? உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சமூகப் பிரச்சினைகளைப் பற்றி மாணவர்களோடு பேச உட்கார்ந்தால் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள் இவை. வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை, உங்களுக்கு உறுத்துகிற கேள்விக்கு நேராகப் போய்விடலாம். பதில்களை நீங்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்று இரண்டு வரி எழுதிப் பாருங்கள்.

சமூகப் பிரச்சினை என்றால் என்ன? செய்தியில் வருவதெல்லாம் சமூகப் பிரச்சினையா?

இல்லை. ஒருவருக்கு ராத்திரி இரண்டு மணி வரை தூக்கம் வரவில்லை என்றால் அது அவருடைய பிரச்சினை. டாக்டரைப் பார்க்கலாம், போனை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் படுக்கலாம். வகுப்பில் பாதிப் பேர் தூங்கி வழிகிறார்கள் என்றால் "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை" என்று முடித்துவிட முடியாது, இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் பொறுப்பு காணாமல் போகுமா என்ன? பள்ளி எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, வீட்டுப்பாடம் எவ்வளவு, போனில் ஓடும் செயலியை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்றெல்லாம் பார்க்க வேண்டும். பருவ வயதில் உடம்பின் தூக்கக் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது, அதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2014-இல் உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன்னால் தொடங்கக் கூடாது என்று சொன்னது. தனி ஆளின் கையில் இல்லாத ஒரு காரணம் பலரையும் ஒரே மாதிரி பாதித்தால் அது சமூகப் பிரச்சினை. செய்தியில் வந்ததா இல்லையா என்பது வேறு விஷயம்.

உலகத்தில் ஆயிரம் பிரச்சினை இருக்கிறதே, எதிலிருந்து ஆரம்பிப்பது?

உங்கள் கையில் இருக்கும் போனிலிருந்து ஆரம்பியுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அந்தப் போனின் பேட்டரியில் கோபால்ட் என்ற உலோகம் இருக்கக்கூடும். உலகில் தோண்டியெடுக்கும் கோபால்ட்டில் பாதிக்கும் மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது, அங்கே கையால் தோண்டும் சிறு சுரங்கங்களில் குழந்தைகள் வேலை செய்வது பலமுறை பதிவாகியிருக்கிறது. சரி, அது ஒரு நாட்டின் கதை என்று நினைத்தால், 2024-இல் உலகம் முழுவதும் சுமார் 13.8 கோடிக் குழந்தைகள் உழைப்பில் இருந்தார்கள் என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் சேர்ந்து போட்ட கணக்கு. அப்புறம் அந்தப் போன் பழசானால் எங்கே போகிறது? 2022-இல் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் குப்பையை உண்டாக்கியது, அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது கால் பங்குக்கும் குறைவு. நடுவில் நீங்கள் அதைப் பயன்படுத்தும் இரண்டு மூன்று வருடங்களில் உங்களைப் பற்றிய டேட்டா யார் யாரிடமோ போகிறது, உங்கள் நேரம் விளம்பரமாக விற்கப்படுகிறது, பொய்ச் செய்தி வருகிறது, வகுப்புத் தோழியைப் பற்றிய கிண்டல் வருகிறது.

பாருங்கள், ஒரே பொருளில் குழந்தை உழைப்பு, சுற்றுச்சூழல், தனியுரிமை, மனநலம், பொய்த் தகவல் என்று ஐந்து தலைப்பு கிடைத்துவிட்டது. எந்தப் பொருளை எடுத்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: இதில் லாபம் யாருக்கு, விலை கொடுப்பது யார், அந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது? மூன்றாவது கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், கோபப்படுவதற்கு முதல் இரண்டே போதும் என்பதால்.

சமூக ஊடகம் மாணவர்களைக் கெடுக்கிறது என்கிறார்கள். உண்மையா?

"கெடுக்கிறது" என்ற சொல்லைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் பேசுவோம்.

உறுதியாகச் சொல்லக்கூடியது இது. இந்தச் செயலிகள் நீங்கள் எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறீர்கள் என்பதை வைத்துச் சம்பாதிக்கின்றன. முடிவே இல்லாமல் கீழே ஓடிக்கொண்டிருக்கும் ஸ்க்ரோல் இருக்கிறதே, அதை 2006-இல் வடிவமைத்த ஏஸா ராஸ்கின் பிற்பாடு அதற்காக வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். பக்கம் முடிந்தால் "போதுமா?" என்று மனசு ஒரு நொடி கேட்கும், அந்த நொடியே இல்லாமல் செய்துவிட்டார்கள்.

வாதத்தில் இருப்பது வேறு. போன் அதிகம் பார்ப்பவர்கள் சோர்ந்து போகிறார்களா, அல்லது ஏற்கெனவே சோர்ந்து போனவர்கள்தான் போனை அதிகம் எடுக்கிறார்களா? இரண்டும் சேர்ந்தே நடக்கலாம், ஆளுக்கு ஆள் மாறவும் செய்யும். ஆராய்ச்சியாளர்களே இதில் இரண்டு கட்சி. 2023-இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி வெளியிட்ட எச்சரிக்கைகூட, சமூக ஊடகம் சிறுவர்களுக்குப் போதுமான அளவு பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என்ற அளவில்தான் பேசியது, அதில் நன்மைகளும் உண்டு என்று ஒத்துக்கொண்டது.

ஆஸ்திரேலியா காத்திருக்கவில்லை. 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரிய சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்று 2024 நவம்பரில் சட்டம் போட்டு, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மீறினால் அபராதம் நிறுவனத்துக்குத்தான், பிள்ளைக்கோ பெற்றோருக்கோ இல்லை. இது சரியா? ஒரு பக்கம், ஆதாரம் முழுசாக வரும்வரை ஒரு தலைமுறையைச் சோதனைக்கு விடலாமா என்ற கேள்வி. மறுபக்கம், வீட்டில் பேச ஆளில்லாத ஒரு பிள்ளைக்கு இணையத்தில் கிடைத்த நண்பர்களையும் சேர்த்து மூடிவிடுகிறோமே என்ற கேள்வி. வயதைச் சரிபார்க்க எல்லோருடைய அடையாளத்தையும் கேட்டால் தனியுரிமை என்ன ஆகும் என்பது மூன்றாவது. எனக்கு நிறுவனங்களைக் கட்டுப்படுத்துவதில் சம்மதம், வயதுத் தடையில் இன்னும் அரை மனசுதான்.

ஒரு உபரித் தகவல்: பல செயலிகள் 13 வயது என்று கேட்கின்றனவே, அது மனப்பக்குவத்தை அளந்து வைத்த எண் என்று நினைத்துவிடாதீர்கள். பெற்றோர் சம்மதமில்லாமல் 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலைச் சேகரிக்கக் கூடாது என்ற 1998-ஆம் வருட அமெரிக்கச் சட்டத்திலிருந்து வந்தது.

வாட்ஸ்அப்பில் வரும் செய்தி உண்மையா பொய்யா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில், பொய்க்கு ஏன் இவ்வளவு வேகம் என்று பார்ப்போம். ட்விட்டரில் பல ஆண்டுகள் பரவிய செய்திகளை எடுத்து ஆராய்ந்த, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட முடிவு: உண்மையைவிடப் பொய் வேகமாகவும் அதிக தூரமும் பரவியது, அதற்கு முக்கியக் காரணம் தானியங்கிக் கணக்குகள் இல்லை, மனிதர்கள்தான். புதுசாகவும் ஆச்சரியமாகவும் இருப்பதை நாம் உடனே அனுப்பிவிடுகிறோம். அதனால் ஒரு செய்தியைப் படித்தவுடன் ரத்தம் கொதித்தால் அதையே எச்சரிக்கை மணியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, அந்தப் பக்கத்தையே உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வில் வரலாற்றுப் பேராசிரியர்கள், மாணவர்கள், தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்கள் மூன்று தரப்பையும் இணையதளங்களை மதிப்பிடச் சொன்னார்கள். பேராசிரியர்களில் பலரே ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் பக்கத்தை முழுசாகப் படிக்காமலே வெளியே வந்து, வேறு தாவல்களைத் திறந்து, இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள், சீக்கிரமே சரியான முடிவுக்கு வந்தார்கள்.

மூன்றாவது, "ஆராய்ச்சியில் நிரூபணம்" என்ற சொல்லுக்கு மயங்காதீர்கள். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு என்ற பேச்சு 1998-இல் ஒரு பெரிய மருத்துவ இதழில் வந்த கட்டுரையிலிருந்து கிளம்பியது. அதில் ஆராயப்பட்ட குழந்தைகள் 12 பேர், வெறும் 12 பேர். கட்டுரையை 2010-இல் இதழ் திரும்பப் பெற்றது, அதன் பயம் இன்னும் திரும்பவில்லை.

எல்லாப் பிரச்சினைக்கும் இரண்டு பக்கம் உண்டு என்கிறார்களே?

எல்லாவற்றுக்கும் கிடையாது. பூமி சூடாகிறதா, அதற்கு மனிதர்கள் காரணமா என்பதற்கு விடை தெரிந்தாயிற்று. அதற்கு யார் எவ்வளவு செலவு செய்வது என்பதில்தான் இரண்டு பக்கம் என்ன, பத்துப் பக்கம் இருக்கிறது. அதேபோல, வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் மனிதராக மதிக்கப்பட வேண்டியவரா என்பதைப் பட்டிமன்றத் தலைப்பாக்கக் கூடாது. பேசுகிறவருக்கு அது மதிப்பெண், கேட்டுக்கொண்டிருக்கிற அந்தப் பிள்ளைக்கு அது வாழ்க்கை.

ஏஐ-யிடம் வீட்டுப்பாடத்தை எழுதி வாங்கினால் என்ன தப்பு?

மாட்டிக்கொள்வீர்களா என்பதை விடுங்கள். எடை தூக்கிப் பழகப் போன இடத்தில் கிரேனை வைத்துத் தூக்கினால் எடை மேலே போகும், உங்கள் கை அப்படியேதான் இருக்கும். குறிப்பு கேட்பது, புரியாததை விளக்கச் சொல்வது, நீங்கள் எழுதியதற்கு எதிர்வாதம் சொல்லச் சொல்வது இதெல்லாம் வேறு, அதில் நீங்களும் வேலை செய்கிறீர்கள்.

ஏஐ-யில் சமூகப் பிரச்சினையாக யோசிக்க வேண்டியது இதைவிடப் பெரியது. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களை ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு ஆய்வாளர்கள் சோதித்து 2018-இல் வெளியிட்டார்கள். வெளிர் நிற ஆண்களிடம் பிழை ஒரு சதவீதத்துக்கும் கீழே. கருநிறப் பெண்களிடம் ஒரு மென்பொருளுக்கு 34.7 சதவீதம் வரை. யாரும் வேண்டுமென்றே கெடுதல் செய்ததாகத் தெரியவில்லை, அந்த மாதிரி மென்பொருளைப் பழக்கவும் சோதிக்கவும் பயன்படுத்திய படங்களில் வெளிர் நிற முகங்களே அதிகம், அவ்வளவுதான். வேலைக்கு ஆள் எடுப்பதற்கும் கடன் கொடுப்பதற்கும் குற்றவாளியைத் தேடுவதற்கும் இந்த மாதிரிக் கருவி வரும்போது அந்த "அவ்வளவுதான்" யார் தலையில் விடியும் என்று கேளுங்கள். ஆய்வு வெளிவந்த பிறகு அந்த நிறுவனங்கள் பிழையைக் கணிசமாகக் குறைத்தன. கேட்டதால்தான் குறைத்தன.

நான் ஒருத்தர் பிளாஸ்டிக்கை விட்டால் காலநிலை மாறிவிடுமா?

மாறாது. இதை நேர்மையாகச் சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் நாளைக்கு நீங்களே கண்டுபிடித்து எல்லாவற்றையும் வெறுத்துவிடுவீர்கள். (போகிற போக்கில்: பிளாஸ்டிக் குப்பையும் காலநிலை மாற்றமும் ஒரே பிரச்சினை இல்லை. எண்ணெயிலிருந்து வருகிறது என்ற அளவில் சொந்தக்காரர்கள்.) தொழிற்புரட்சிக்கு முன்னால் காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 280 பங்கு இருந்த கரியமில வாயு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. அந்த எண்ணை நகர்த்துவது மின்சாரம் எதிலிருந்து வருகிறது, இரும்பும் சிமெண்டும் எப்படிச் செய்கிறோம் என்பவைதான். உங்கள் தனிப்பட்ட கார்பன் அளவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள் என்ற பழக்கத்தை ஊரெங்கும் பரப்பியதில் 2000-களில் ஒரு பெரிய எண்ணெய் நிறுவனம் செய்த விளம்பரத்துக்குப் பெரிய பங்கு உண்டு, இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை, ஓசோன் கதை இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியிலும் ஸ்ப்ரே டப்பாவிலும் இருந்த வாயுக்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று மோலினா, ரோலண்ட் என்ற வேதியியல் விஞ்ஞானிகள் 1974-இல் எழுதினார்கள், தொழிற்சாலைக்காரர்கள் கேலி செய்தார்கள். 1985-இல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் ஓட்டை இருப்பது தெரிய வந்தது. 1987-இலேயே அந்த வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் உடன்படிக்கை, பிறகு உலக நாடுகள் எல்லாமே சேர்ந்துவிட்டன. இன்று அந்த ஓட்டை மெல்ல ஆறிவருகிறது. இந்தக் கதையில் பொதுமக்கள் சிலர் ஸ்ப்ரே டப்பா வாங்குவதை நிறுத்தியதும் நடந்தது, ஆனால் அது சட்டத்தை நோக்கித் தள்ளியதால்தான் பலன் தந்தது. நீங்கள் செய்யும் சின்ன காரியம் பெரிய முடிவு எதையாவது தள்ளுகிறதா என்று பார்த்துச் செய்யுங்கள்.

உலகம் நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே போகிறதா?

சில விஷயங்களில் ஆமாம், சிலவற்றில் நேர்மாறு. ஐந்து வயதுக்குள் இறந்துபோன குழந்தைகள் 1990-இல் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேல், 2022-இல் 49 லட்சம். பெரியம்மை ஒழிந்தது என்று 1980-இல் அறிவித்தார்கள். ஈயம் கலந்த பெட்ரோலைக் கார்களுக்கு விற்ற கடைசி நாடு 2021-இல் நிறுத்தியது. மெதுவாக நடக்கும் நல்லது செய்தியாக வருவதில்லை, திடீரென்று நடக்கும் கெட்டது மட்டும் வருகிறது.

மனசு சரியில்லை என்று சொன்னால் "இதெல்லாம் இப்போது ஃபேஷன்" என்கிறார்கள்.

பத்திலிருந்து பத்தொன்பது வயதுக்குள் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருக்கிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். அதே சமயம் தேர்வுக்கு முன்னால் வரும் பதற்றத்துக்கெல்லாம் நோயின் பெயர் வைப்பதும் உதவாது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, படிப்பு, நண்பர்கள் எல்லாம் கலைந்து போயிருந்தால் அதைப் பெரியவர் ஒருவரிடம் சொல்ல வேண்டும், நீங்கள் முதலில் போய்ச் சொன்ன பெரியவர் காது கொடுக்கவில்லை என்றால் அடுத்தவரிடம்.

நண்பர் ஒருவர் வாழப் பிடிக்கவில்லை என்கிற மாதிரி பேசினால், தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, ஆய்வுகள் அப்படித்தான் சொல்கின்றன. "யாரிடமும் சொல்லாதே" என்று சத்தியம் வாங்கினாலும் நம்பகமான பெரியவரிடம் சொல்லிவிடுங்கள். நட்பு முறிந்தாலும் பரவாயில்லை, ஆள் இருப்பார்.

வகுப்புக் குழுவில் ஒருவரைக் கிண்டல் செய்கிறார்கள். நான் எதுவும் சொல்லவில்லை. எனக்கும் அதில் பங்கு உண்டா?

கொஞ்சம் உண்டு, ஆனால் ஏன் சொல்லவில்லை என்பதைப் புரிந்துகொள்வது குற்ற உணர்ச்சியைவிடப் பயன்படும். 1968-இல் லட்டானே, டார்லி என்ற உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். அறையில் உட்கார்ந்து படிவம் நிரப்பிக்கொண்டிருக்கும்போது சுவர் வழியாகப் புகை வருகிறது. தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்துபோய்ச் சொன்னார்கள். பக்கத்தில் சோதனைக்காக உட்கார வைத்த இரண்டு பேர் அசையாமல் எழுதிக்கொண்டிருந்தபோது 10 சதவீதம் பேர்தான் எழுந்தார்கள். புகை கண்ணைக் கரித்தும்! ஐம்பது பேர் இருக்கும் குழுவில் ஐம்பது பேரும் அடுத்தவரின் மௌனத்தைப் பார்த்து "பெரிய விஷயம் இல்லை போல" என்று முடிவு செய்கிறார்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. 1950-களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் கோடுகளைக் காட்டி எது எதற்குச் சமம் என்று கேட்டார், முன்னால் இருந்தவர்கள் எல்லாம் ஏற்பாட்டின்படி தப்பாகச் சொன்னார்கள், ஏற்பாடு தெரியாமல் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது கண்ணுக்குத் தெரிந்த உண்மையை விட்டுவிட்டுக் கூட்டத்தோடு போனார்கள். ஒரே ஒருவர் சரியாகச் சொன்னதும் கூட்டத்தோடு போவது மளமளவென்று குறைந்தது. ஆகவே குழுவில் நீங்கள் பெரிய உரை நிகழ்த்த வேண்டாம், "இது எனக்குச் சிரிப்பாக இல்லை" என்று ஒரு வரி போதும். அதுவும் பயமாக இருந்தால் கிண்டலுக்கு ஆளானவருக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள். ஒருவருடைய முகத்தை வைத்துப் போலியாகச் செய்த படம் குழுவில் ஓடினால் யாருக்கும் அனுப்பாதீர்கள், ஆதாரம் என்று நீங்களே சேமித்து வைக்கவும் வேண்டாம், யார் எப்போது எந்தக் குழுவில் போட்டார் என்று குறித்துக்கொண்டு அன்றைக்கே பெரியவரிடம் போங்கள்.

வீட்டில் இதையெல்லாம் பேசினால் சண்டை வருகிறது.

ஜெயிக்கப் பார்க்காதீர்கள். "நீங்கள் அப்படி நினைக்க என்ன காரணம்?" என்று கேட்டுவிட்டுப் பதிலை முழுசாகக் கேளுங்கள். பாதி நேரம் பின்னால் ஒரு பழைய அனுபவம் இருக்கும். அது உங்கள் கருத்தையும் கொஞ்சம் அசைக்கும்.

எனக்கு ஓட்டே இல்லை. நான் யோசித்து என்ன ஆகப்போகிறது?

பிரேசிலில் 1988 முதலும் ஆஸ்திரியாவில் 2007 முதலும் 16 வயதிலேயே ஓட்டு உண்டு, ஆக 18 என்பது கல்வெட்டு இல்லை. ஓட்டு இல்லாவிட்டாலும், 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, உங்களைப் பாதிக்கும் விஷயங்களில் உங்கள் கருத்தைச் சொல்லவும் அதற்கு மதிப்புப் பெறவும் உரிமை தருகிறது. அமெரிக்காவைத் தவிர உலக நாடுகள் எல்லாம் ஏற்புறுதி செய்த உடன்படிக்கை அது. பள்ளி விதி ஒன்றை மாற்றும்போது "எங்களைக் கேட்டீர்களா?" என்று பணிவாகக் கேட்பதற்கு இதைவிட நல்ல துணை கிடைக்காது.

கிரேட்டா துன்பர்க் 15 வயதில் காலநிலைக்காக ஸ்வீடன் பாராளுமன்ற வாசலில் உட்கார்ந்ததையும் மலாலா 17 வயதில் நோபல் வாங்கியதையும் எல்லா மேடையிலும் சொல்வார்கள். நல்ல கதைகள்தான், ஆனால் மலாலா அதற்கு முன்னால் தலையில் குண்டு வாங்கினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எந்தப் பிள்ளையிடமும் அப்படி ஒரு துணிச்சலை எதிர்பார்க்க யாருக்கும் உரிமையில்லை. நாயகராக ஆகாமலே உள்ளூர் நூலகம் எத்தனை மணிக்கு மூடுகிறது என்பதைப் பற்றி ஒரு மனு எழுதலாம்.

போன வருடம் ஒன்று சொன்னேன், இப்போது வேறு மாதிரி நினைக்கிறேன். பச்சோந்தி என்கிறார்கள்.

புதிதாக ஒன்றைத் தெரிந்துகொண்டதால் மாறினீர்களா, பக்கத்தில் உட்காருகிறவர் மாறியதால் மாறினீர்களா? முதலாவது என்றால் கவலையே வேண்டாம்.

கட்டுரைக்கு எந்தத் தலைப்பை எடுக்கலாம்?

"சமூக ஊடகத்தின் தீமைகள்" என்று மட்டும் எடுக்காதீர்கள், அதை இதுவரை ஆயிரம் பேர் ஒரே மாதிரி எழுதிவிட்டார்கள். தலைப்பைச் சுருக்கிக்கொண்டே வாருங்கள். போன், பள்ளியில் போன், பள்ளியில் போனுக்குத் தடை, தடை வந்த பிறகு இடைவேளையில் பேச்சு கூடியதா? இப்போது கையில் பிடிக்கக்கூடிய ஒரு கேள்வி இருக்கிறது. இரண்டு வாரம் இடைவேளையில் நின்று பாருங்கள், இருபது பேரிடம் கேளுங்கள், உங்கள் நண்பர்கள் கூட்டத்தை மட்டும் கேட்டுவிட்டு "மாணவர்கள் கருதுகிறார்கள்" என்று எழுதாதீர்கள், எப்போதும் தனியாக உட்காருகிற அந்த மூன்று பேரிடமும் கேளுங்கள். தடை நல்லது என்று நிரூபிக்கக் கிளம்பி, பேச்சு கூடவில்லை என்று தெரிந்தால் அதை அப்படியே எழுதுங்கள். இருபது பேரில் ஆறு பேர் "தெரியவில்லை" என்று சொன்னால் அந்த ஆறையும் கணக்கில் காட்டுங்கள், ஆசிரியர் முதலில் அங்கேதான் நிறுத்திக் கேள்வி கேட்பார்.